கடற்கரைக் கேளிக்கை நிறுவனத்தின் பங்கை எடைபோடுவது எப்படி? சிறு முதலீட்டாளருக்கு முழுமையான வழிகாட்டி

இங்கிலாந்தின் பிரைட்டன் கடற்கரையில் நின்று பார்த்தால் இரண்டு பியர்கள் தெரியும். பியர் என்பது கடலுக்குள் நீளும் இரும்புக்கால் நடைபாலம். மேலே ராட்டினம், விளையாட்டு இயந்திரங்கள், தின்பண்டக் கடைகள் எல்லாம் இருக்கும். 1899-இல் திறந்த பேலஸ் பியர் இன்றும் விளக்கும் இரைச்சலுமாக இருக்கிறது. அதற்கு மேற்கே 1866-இல் திறந்த வெஸ்ட் பியர், கரையோடு தொடர்பு அறுந்து, துருப்பிடித்த எலும்புக்கூடாகத் தண்ணீரில் நிற்கிறது. பராமரிக்கப் பணமில்லாமல் அதை 1975-இல் மூடினார்கள். 2002 டிசம்பர் புயலில் ஒரு பகுதி சரிந்தது. 2003-இல் இரண்டு முறை தீப்பிடித்தது.

ஊரும் ஒன்று, கடலும் ஒன்று, வருகிற கூட்டமும் ஒன்று. ஆனால் ஒன்றில் யாரோ ஆண்டுதோறும் கீழே இறங்கிப் பணத்தைக் கொட்டினார்கள், மற்றொன்றில் கொட்டவில்லை. கடற்கரைக் கேளிக்கை நிறுவனப் பங்கை வாங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் மேலே உள்ள விளக்குகளையே பார்க்கிறார்கள். நானும் ஒரு காலத்தில் அப்படித்தான். தண்ணீருக்கடியில் இருக்கும் காலை எப்படிப் பார்ப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி. உதாரணங்கள் பெரும்பாலும் பிரிட்டனிலிருந்து வரும். இந்தத் தொழில் பங்குச் சந்தைவரை போன கதை அங்கேதான் அதிகம் கிடைக்கிறது.

படி 1: காசு எந்தக் கையிலிருந்து வருகிறது?

ஆண்டறிக்கையைத் திறந்ததும் தலைவரின் கடிதத்தை விட்டுவிட்டு, வருமானத்தைப் பிரித்துக் காட்டும் குறிப்புக்குப் போங்கள். விளையாட்டு இயந்திரங்கள், ராட்டினங்கள், உணவும் பானமும், நுழைவுக் கட்டணம், கடைகளின் வாடகை என்று பிரிந்திருக்கும். இவை ஒவ்வொன்றும் வேறு வேறு தொழில்.

விளையாட்டு இயந்திரம் மழைக்கு அஞ்சாது. கூரைக்குக் கீழே இருக்கிறது, இரண்டு பேர் பார்த்துக்கொண்டால் நூறு இயந்திரம் ஓடும். ஆனால் உரிமமும் தனி வரியும் உண்டு, விதி மாறினால் வருமானமும் மாறும். ராட்டினத்துக்கு ஆள் வேண்டும், பரிசோதனை வேண்டும், காற்று பலமாக அடித்தால் நிறுத்திவிட வேண்டும். உணவில் விற்பனைத் தொகை பெரிதாகத் தெரிந்தாலும் பொருளும் ஆட்கூலியும் பாதியை விழுங்கிவிடும். வாடகை மட்டும் நிதானமான வருமானம், அதுவும் கடைக்காரர் பிழைத்திருக்கும்வரை.

நுழைவுக் கட்டணத்தைத் தனியாகக் கவனியுங்கள். பேலஸ் பியர் நெடுங்காலம் இலவசமாகத் திறந்திருந்தது. சும்மா நடக்க வருபவர் எப்படியும் உள்ளே ஏதாவது வாங்குவார் என்பது கணக்கு. 2024 மே மாதம் வெளியூர்க்காரர்களுக்கு 1 பவுண்டு கட்டணம் வைத்தார்கள். செலவு ஏறிவிட்டது என்பதுதான் சொன்ன காரணம். சிறிய தொகைதான். ஆனால் இலவசமாக இருந்த வாசலில் ஒரு நிறுவனம் கட்டணம் வைக்கிறது என்றால், உள்ளே தலைக்கு இவ்வளவு என்று கிடைத்தது போதவில்லை என்று பொருள். அப்படி ஒரு செய்தி வந்தால் பங்கு ஏறுகிறதா இறங்குகிறதா என்று பார்க்காதீர்கள். அடுத்த அறிக்கையில் கூட்டம் குறைந்ததா, தலைக்குச் செலவு கூடியதா என்ற இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை விட்டுவிடும் நிறுவனங்கள் உண்டு.

படி 2: காலண்டரைப் பக்கத்தில் வையுங்கள்

இந்தத் தொழிலுக்கு ஆண்டில் 365 நாள் கிடையாது. பள்ளி விடுமுறை, நீண்ட வார இறுதிகள், வெயில் அடிக்கும் சனிக்கிழமைகள் என்று எண்ணினால் எழுபது எண்பது நாள் தேறும். ஆண்டு லாபம் முழுவதும் அந்த நாள்களில்தான் வருகிறது. மீதி மாதங்கள் அதைக் கரைக்கும் மாதங்கள். அதனால் அரையாண்டு முடிவில் நஷ்டம் என்று தலைப்பு வந்தால் பதற வேண்டாம், லாபம் என்று வந்தாலும் துள்ள வேண்டாம். எந்த ஆறு மாதம் என்று முதலில் பாருங்கள்.

ஈஸ்டர் ஒரு பொறி. அது நாள் மாறி வரும் பண்டிகை. 2024-இல் மார்ச் 31, 2025-இல் ஏப்ரல் 20. ஜனவரி முதல் மார்ச் வரையிலான விற்பனையை இரண்டு ஆண்டுகளுக்கும் ஒப்பிட்டால், நிறுவனம் எந்தத் தவறும் செய்யாமலே 2025 மோசமாகத் தெரியும். அடுத்த காலாண்டு அதே அளவுக்குப் பொய்யாக நன்றாகத் தெரியும். நிறுவனம் இதை நல்ல பக்கத்தில் மட்டும் பேசுகிறதா, இரண்டு பக்கமும் பேசுகிறதா என்பதை வைத்தே நிர்வாகத்தின் நேர்மையைக் கொஞ்சம் அளக்கலாம்.

வானிலைச் சாக்குக்கும் ஓர் எளிய சோதனை இருக்கிறது. கடந்த ஆறேழு ஆண்டுகளின் தலைவர் கடிதங்களை எடுத்து, வானிலை என்ற சொல் வரும் இடத்தையெல்லாம் அடிக்கோடிடுங்கள். மழையால் விற்பனை கெட்டது என்று எத்தனை முறை, வெயிலால் விற்பனை உயர்ந்தது என்று எத்தனை முறை? கெட்ட ஆண்டு என்றால் வானம் காரணம், நல்ல ஆண்டு என்றால் எங்கள் திறமை காரணம் என்று எழுதுகிறவர்களிடம் ஜாக்கிரதையாக இருங்கள்.

படி 3: பத்து சதவீதம் குறைந்தால் என்ன ஆகும்?

ஒரு கற்பனை நிறுவனத்தை எடுத்துக்கொள்வோம். ஆண்டு விற்பனை 1 கோடி பவுண்டு. கூட்டம் வந்தாலும் வராவிட்டாலும் ஆகிற செலவு 75 லட்சம். விற்பனையோடு ஏறி இறங்கும் செலவு 15 லட்சம். லாபம் 10 லட்சம்.

விற்பனை 10 சதவீதம் விழுகிறது. வருமானம் 90 லட்சம், மாறும் செலவு 13.5 லட்சம், மாறாத செலவு அதே 75 லட்சம். மிச்சம் 1.5 லட்சம். நான்கைந்து சனிக்கிழமை மழை பெய்ததில் லாபம் 85 சதவீதம் போய்விட்டது. மறுபக்கம் விற்பனை 10 சதவீதம் ஏறினால் லாபம் 18.5 லட்சம். இந்தப் பங்குகள் ஒரு நல்ல கோடைக்குப் பிறகு தாறுமாறாக ஏறுவதும், ஒரு மோசமான கோடைக்குப் பிறகு தரைதட்டுவதும் இதனால்தான். நீங்கள் ஆராயும் நிறுவனத்தின் எண்களை வைத்து இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். எது மாறும் செலவு, எது மாறாதது என்று அறிக்கையில் தெளிவாக இருக்காது. சரக்குச் செலவை மாறுவதாகவும் மற்றதை மாறாததாகவும் வைத்துக்கொண்டாலே போதும்.

கூட்டம் அப்படியே இருந்தும் லாபம் கரையலாம். பிரிட்டனில் சட்டப்படியான குறைந்தபட்சக் கூலி 2024 ஏப்ரலில் மணிக்கு 11.44 பவுண்டு, 2025 ஏப்ரலில் 12.21 பவுண்டு. நம் கற்பனை நிறுவனத்தின் 75 லட்சத்தில் கூலி 30 லட்சம் என்றால் ஏறத்தாழ 2 லட்சம் கூடுகிறது. 10 லட்சம் லாபம் 8 லட்சமாகிவிட்டது, ஒரு வாடிக்கையாளர்கூடக் குறையவில்லை.

அதே 2025 ஏப்ரலில், ஊழியர் சம்பளத்தின்மேல் முதலாளிகள் அரசுக்குக் கட்டும் தேசியக் காப்பீட்டு விகிதம் 13.8-இலிருந்து 15 சதவீதமானது. தலைப்புச் செய்தியில் வந்தது அதுதான். இந்தத் தொழிலை உண்மையில் அடித்தது வேறு. எந்தச் சம்பளத்துக்கு மேல் கட்ட வேண்டும் என்ற எல்லை ஆண்டுக்கு 9,100-இலிருந்து 5,000 பவுண்டாக இறங்கியது. மாதம் 750 பவுண்டு வாங்கும், 21 வயதைத் தாண்டிய ஒரு பகுதி நேர ஊழியருக்கு முன்பு நிறுவனம் ஒரு காசும் கட்டவில்லை. இப்போது மாதம் 50 பவுண்டு, ஆண்டுக்கு 600. முதலாளிகளுக்கான ஒரு சலுகை ஆண்டுக்கு முதல் 10,500 பவுண்டைத் தள்ளிவிடும். நூற்றுக்கணக்கான பகுதி நேர ஆட்களை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு அது எந்த மூலைக்கு?

படி 4: தண்ணீருக்கடியில் இருக்கும் செலவு

அதிக நேரம் இங்கே செலவிடுங்கள். மற்ற படிகளில் அவசரப்பட்டாலும் பரவாயில்லை.

கேளிக்கை நிறுவனங்கள் தங்கள் வெற்றியை எபிட்டா என்ற எண்ணில் சொல்ல விரும்பும். வட்டி, வரி, தேய்மானம் எல்லாம் கழிப்பதற்கு முந்தைய லாபம் அது. மென்பொருள் நிறுவனத்துக்குத் தேய்மானம் பெரும்பாலும் காகிதக் கணக்கு. உப்புக் காற்றில் நிற்கும் இரும்புக்கு அது கணக்கே அல்ல, நிஜம். அலை ஏறி இறங்கும் மட்டத்தில் இரும்பு நனைவதும் காய்வதுமாக இருப்பதால் அங்கேதான் வேகமாகத் துரு ஏறும். தூண்களைச் சோதிக்க முக்குளிப்பவர்கள் இறங்க வேண்டும், பலகைகளை மாற்ற வேண்டும், வண்ணம் அடித்து முடிக்கும்போது ஆரம்பித்த முனை மறுபடி உரிந்திருக்கும். தேய்மானத்தைக் கழிக்காமல் இங்கே லாபம் சொல்வது, வாடகைக் கார் ஓட்டுபவர் டயர் மாற்றும் செலவைச் சேர்க்காமல் வருமானம் சொல்வதைப் போன்றது.

அதனால் பணப்புழக்க அறிக்கைக்குப் போங்கள். அங்கே செயல்பாடுகளிலிருந்து வந்த ரொக்கம் என்று ஒரு வரி இருக்கும். கொஞ்சம் கீழே சொத்து, கட்டடம், இயந்திரம் வாங்கியதற்கான செலவு என்று ஒரு வரி. இந்த இரண்டையும் ஏழெட்டு ஆண்டுகளுக்கு எடுத்து ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்தில் அந்தந்த ஆண்டின் தேய்மானத்தையும் எழுதுங்கள்.

சொத்துச் செலவு ஆண்டுக்கு ஆண்டு தேய்மானத்தைவிடக் குறைவாகவே இருந்தால் இரண்டில் ஒன்று. சொத்து உண்மையிலேயே நீடித்து உழைக்கிறது, அல்லது பழுதைத் தள்ளிப்போடுகிறார்கள். கடலோரத்தில் நான் இரண்டாவதைத்தான் முதலில் சந்தேகிப்பேன். பழுது பார்ப்பதன் ஒரு பகுதி லாப நட்டக் கணக்கிலேயே செலவாகப் போயிருக்கலாம், அது எவ்வளவு என்று குறிப்புகளில் தேடுங்கள். கிடைக்காவிட்டால் பங்குதாரர் கூட்டத்தில் கேளுங்கள்: கட்டமைப்பைக் கடைசியாக வெளிப் பொறியாளர் சோதித்தது எப்போது, அடுத்த பத்து ஆண்டுக்கு அவர் போட்ட மதிப்பீடு எவ்வளவு? பதில் தெரிந்தவர் எண்ணோடு சொல்வார். தெரியாதவர் பாரம்பரியத்தைப் பற்றிப் பேச ஆரம்பிப்பார்.

அப்புறம், சொத்து மதிப்பு. பங்குகள் சொத்து மதிப்பைவிட மலிவாகக் கிடைக்கின்றன, ஆகவே நஷ்டம் வராது என்று ஒரு வாதம் எப்போதும் உலவும். ஹேஸ்டிங்ஸ் பியரின் கதை இதற்கு நல்ல மருந்து. 2010 அக்டோபரில் தீயில் பெரும்பகுதி எரிந்தது. அதை மீட்க ஊர் மக்கள் சமூகப் பங்குகள் வாங்கினார்கள். பெரும்பகுதிப் பணம் பாரம்பரிய லாட்டரி நிதியிலிருந்து வந்தது. மொத்தம் 1.4 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்து 2016-இல் திறந்தார்கள். 2017-இல் பிரிட்டனின் மிகப் பெரிய கட்டடக்கலை விருதான ஸ்டர்லிங் பரிசு கிடைத்தது. அடுத்த மாதமே அதை நடத்திய அமைப்பு திவால் நிர்வாகத்துக்குப் போனது. 2018-இல் ஒரு தனியார் அதை வாங்கினார். வெளியான செய்திகளின்படி விலை 60,000 பவுண்டு.

பரிசு வென்ற வடிவமைப்பின் அழகே அந்தப் பரந்த வெற்றுத் தளம்தான். வெற்றுத் தளத்தில் காசு போட ஓர் இடமும் இல்லை. பராமரிப்புச் செலவு மட்டும் கீழே அப்படியே இருந்தது. ஒரு பியரின் மதிப்பு அதைக் கட்ட ஆன செலவும் அல்ல, காப்பீட்டுத் தொகையும் அல்ல. பராமரிப்பு போக ஆண்டுக்கு எவ்வளவு மிஞ்சுகிறதோ அதுதான் மதிப்பு. மிஞ்சாவிட்டால் அது சொத்தே அல்ல, பொறுப்பு. அதிலும் பாதுகாக்கப்பட்ட பாரம்பரியக் கட்டடமாக இருந்தால் இஷ்டப்படி இடிக்கவோ மாற்றவோ முடியாது. பேலஸ் பியரே பாரம்பரியக் கட்டடப் பட்டியலில் 'இரண்டாம் நிலை நட்சத்திரம்' என்ற தகுதியில் உள்ள கட்டடம். நிலத்தை விற்று அடுக்குமாடி கட்டலாம் என்று கணக்குப் போட அங்கே நிலமே இல்லை.

தீயையும் புயலையும் சேர்த்தே யோசியுங்கள். வெஸ்டன்-சூப்பர்-மேர் ஊரின் கிராண்ட் பியர் மண்டபம் 2008-இல் எரிந்து 2010-இல்தான் திறந்தது. ஈஸ்ட்போர்ன் பியரில் 2014-இல் தீ. அமெரிக்காவில் 2012 அக்டோபரில் சாண்டி புயல் அடித்தபோது, சீசைட் ஹைட்ஸ் ஊரில் கசினோ பியரின் ரோலர் கோஸ்டர் முழுதாகக் கடலுக்குள் போய் நின்றது. அடுத்த மே மாதம்வரை அலைகளுக்கு நடுவே அது நின்ற படங்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். காப்பீடு இருக்கிறது என்று அறிக்கை சொல்லும். கட்டடத்துக்கு மட்டுமா, மூடியிருக்கும் காலத்தின் வருமான இழப்புக்கும் சேர்த்தா, எத்தனை மாதத்துக்கு, முதல் எவ்வளவு தொகையை நிறுவனமே ஏற்க வேண்டும் என்பவைதான் கேள்விகள். எல்லா வருமானமும் ஒரே கட்டமைப்பின்மீது நிற்கிறதென்றால் இதைக் கேட்காமல் ஒரு பங்குகூட வாங்காதீர்கள்.

படி 5: கடன், அதுவும் எந்தத் தேதியில்?

ஆண்டுக் கணக்கு செப்டம்பர் கடைசியில் முடிகிற நிறுவனத்தின் கையில் அன்றைக்குக் கோடை முழுவதும் சம்பாதித்த ரொக்கம் இருக்கும். அன்று எடுத்த படத்தில் எல்லாரும் கொழுகொழு என்றுதான் தெரிவார்கள். மார்ச் மாதக் கடனைக் கண்டுபிடியுங்கள், அரையாண்டு அறிக்கையில் ஓரளவு தெரியும். வங்கி வைத்திருக்கும் நிபந்தனைகளை, அதாவது கடன் எபிட்டாவைப்போல் எத்தனை மடங்கைத் தாண்டக்கூடாது என்பதை, எந்த மாதத்தில் சோதிக்கிறார்கள் என்பதும் முக்கியம்.

வட்டி நிலையானதா, மிதப்பதா? இங்கிலாந்து வங்கியின் அடிப்படை வட்டி 2021 நவம்பரில் 0.1 சதவீதம், 2023 ஆகஸ்டில் 5.25 சதவீதம். மிதக்கும் வட்டியில் 1 கோடி பவுண்டு கடன் வைத்திருந்த நிறுவனத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் பவுண்டுக்கு மேல் கூடுதல் செலவு. நம் கற்பனை நிறுவனத்தில் அது பாதி லாபம்.

குத்தகையையும் கடனாகவே எண்ணுங்கள். 2019-இலிருந்து பன்னாட்டுக் கணக்கு விதி ஐஎஃப்ஆர்எஸ் 16 வந்த பிறகு, வாடகையின் பெரும்பகுதி தேய்மானமாகவும் வட்டியாகவும் வேஷம் மாறிவிட்டது. எபிட்டா ஒரே இரவில் பெருத்தது, ரொக்கத்தில் ஒரு காசு கூடவில்லை. 2018-க்கும் 2020-க்கும் எபிட்டாவை நேராக ஒப்பிடுகிறவர் ஏமாறத்தான் வேண்டும்.

படி 6: நல்ல ஆண்டைத் தோலுரிப்பது

2021-22 அறிக்கைகளைப் பார்த்தால் பிரிட்டனின் கடற்கரை நிறுவனங்கள் பலவற்றில் லாபம் பளபளக்கும். மக்கள் வெளிநாடு போக முடியவில்லை, உள்ளூர்க் கடற்கரைக்கு வந்தார்கள் என்பது எல்லாருக்கும் தெரிந்த காரணம். அதைவிட அமைதியாக ஒரு காரணம் இருந்தது. 2020 ஜூலையில் உல்லாச இட நுழைவுக்கும் உணவுக்கும் வாட் வரியை 20-இலிருந்து 5 சதவீதமாகக் குறைத்தார்கள். 2021 அக்டோபரில் 12.5 ஆனது, 2022 ஏப்ரலில் மறுபடி 20.

வரி சேர்த்து 12 பவுண்டுக்கு ஒரு டிக்கெட். 20 சதவீத வரியில் நிறுவனத்துக்கு மிஞ்சுவது 10 பவுண்டு. 5 சதவீதத்தில் 11.43. விலையை மாற்றவே இல்லை, வருமானம் 14 சதவீதம் ஏறிவிட்டது, ஏறியதெல்லாம் நேராக லாபத்தில் போய் விழுகிறது. இந்த ஆண்டின் லாபத்தை வைத்துப் பங்கு மலிவு என்று 2022-இல் வாங்கியவர்களை நினைத்துப் பாருங்கள்.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பழக்கம்: எந்த ஒற்றை ஆண்டின் லாபத்தையும் விலையோடு ஒப்பிடாதீர்கள். ஏழு ஆண்டுச் சராசரி எடுங்கள், பெருந்தொற்றில் மூடிக்கிடந்த ஆண்டையும் அதற்கடுத்த கொழுத்த ஆண்டையும் சேர்த்தே எடுங்கள். ஒன்றை மட்டும் விலக்குவது நியாயமில்லை.

படி 7: நீங்கள் யாருடைய படகில் ஏறுகிறீர்கள்?

பேலஸ் பியரை 2016 ஏப்ரலில் 1.8 கோடி பவுண்டுக்கு வாங்கியது மதுக்கூடங்கள் நடத்திக்கொண்டிருந்த எக்லெக்டிக் பார் குரூப். வாங்கிய கையோடு பிரைட்டன் பியர் குரூப் என்று பெயரையும் மாற்றிக்கொண்டது. 2017-இல் உள்ளரங்கக் குட்டி கோல்ஃப் நிறுவனம் ஒன்றை வாங்கியது, 2021-இல் யார்க்‌ஷயரில் லைட்வாட்டர் வேலி என்ற பொழுதுபோக்குப் பூங்காவையும் வாங்கியது. உள்ளரங்க கோல்ஃபுக்கு மழை நண்பன், குளிர்காலத்திலும் ஓடும் என்பதால் அந்த யோசனை எனக்குப் பிடித்திருந்தது. பூங்கா வாங்கியது அப்படி அல்ல. அதுவும் கோடையை நம்பிய தொழில்தான். வெயிலை நம்பும் இரண்டு தொழில்களைச் சேர்த்தால் அபாயம் பரவாது, இரட்டிக்கும். ஒரு நிறுவனம் புதிதாக ஏதாவது வாங்கும்போது கேட்க வேண்டியது இதுதான்: ஏற்கெனவே உள்ளது படுக்கிற நாளில் இது எழுந்து நிற்குமா?

இந்தப் பங்கு லண்டனில் சிறு நிறுவனங்களுக்கான எய்ம் சந்தையில் விற்பனையாகிக்கொண்டிருந்தது. பிறகு நிறுவனம் சந்தையிலிருந்தே விலகிவிட்டது. 2025-இல் பியரும் விற்பனைக்கு வந்தது. எய்ம் விதிப்படி, கூட்டத்தில் பதிவாகும் வாக்குகளில் 75 சதவீதம் கிடைத்தால் பொதுவாக ஒரு நிறுவனம் விலகலாம், 20 வேலை நாள் முன்னறிவிப்புப் போதும். பெரும் பங்கு இரண்டு மூன்று கைகளில் இருந்தால் சிறு முதலீட்டாளர்கள் எல்லாரும் கூடி எதிர்த்தாலும் கணக்கு உதைக்கும். விலகல் அறிவிப்பு வந்த காலையில் பங்கு விலை பெரும்பாலும் சரியும். சந்தை இல்லாத பங்கை யாரிடம் விற்பது?

ஆகவே பெரும் பங்குதாரர் பட்டியலை எடுத்து, முதல் நான்கைந்து பேரின் சதவீதத்தைக் கூட்டுங்கள். 60 தாண்டினால் அவர்களுக்கு என்ன வேண்டும் என்பதுதான் உங்கள் முதலீட்டின் எதிர்காலம். ஈவுத்தொகை தருகிறார்களா? வயது என்ன? முன்பு வேறு நிறுவனங்களைச் சந்தையிலிருந்து எடுத்த வழக்கம் உண்டா? எல்லா விலகலும் கெட்டதல்ல. லெகோலாண்ட் பூங்காக்களை நடத்தும் மெர்லின் 2013-இல் 315 பென்ஸுக்கு (100 பென்ஸ் ஒரு பவுண்டு) சந்தைக்கு வந்தது, 2019-இல் 455 பென்ஸ் கொடுத்து மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். சிறு நிறுவனத்தில் அப்படி ஒரு விலை கிடைக்கும் என்று எழுதி வைத்தவர் யாரும் இல்லை.

வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளியையும் பாருங்கள். வாங்க 40 பென்ஸ், விற்க 36 பென்ஸ் என்றால் வாங்கிய நிமிடமே 10 சதவீதம் நஷ்டம்.

படி 8: போய்ப் பார்ப்பது, ஆனால் தப்பான நாளில்

ஓர் ஆகஸ்ட் சனிக்கிழமை, நல்ல வெயில். ஒரு கடற்கரை நிறுவனத்தின் இடத்துக்குப் போயிருந்தேன். வரிசை வாசலைத் தாண்டி நின்றது. கூட்டத்தைப் பார்த்த மயக்கத்தில் திங்கட்கிழமை பங்கு வாங்கினேன். நவம்பரில் ஒரு செவ்வாய்க்கிழமை மறுபடி போனேன். நாற்பது இயந்திரங்களில் ஒன்பதில் பழுது என்று காகிதம் ஒட்டியிருந்தது, காகிதமே மஞ்சளாகியிருந்தது. ஒரு கைப்பிடிக் கம்பியைத் தொட்டேன், வண்ணம் செதிலாகக் கையோடு வந்தது, உள்ளே சிவப்புப் பொடி. இரண்டு ஆண்டு கழித்துப் பாதி விலைக்கு விற்றேன்.

ஆகவே கெட்ட நாளில் போங்கள். பள்ளி நடக்கும் வாரத்தில், மேகமூட்டமான நாளில். பலகை இடுக்கு வழியாகக் கீழே பாருங்கள், புதிதாக மாற்றிய குறுக்குக் கம்பிகள் தெரிகின்றனவா? கழிப்பறை எப்படி இருக்கிறது? இயந்திரங்களில் கார்டு வசதி வந்துவிட்டதா, இன்னும் சில்லறை மாற்றும் பெட்டியை நம்பியிருக்கிறார்களா? சில்லறை பையில் வைத்துக்கொண்டு நடப்பவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள். வெளியேறும் வாசலில் அரை மணி நேரம் நின்று, கையில் ஏதாவது வாங்கிய பொருளோடு போகிறவர்களை எண்ணுங்கள். அங்கே வேலை செய்கிற ஒருவரிடம் டீ வாங்கிக்கொண்டு குளிர்காலத்தில் என்ன செய்வீர்கள் என்று பேச்சுக் கொடுங்கள். ஆண்டறிக்கையில் வராத விஷயம் வரும். ரகசியமாக எதையும் தோண்ட வேண்டாம், பார்க்கக் கிடைப்பதே போதும்.

படி 9: ஒரே ஓர் எண்

இப்போது தாளில் இருப்பவற்றைச் சேருங்கள். ஏழு ஆண்டுச் சராசரியில் செயல்பாட்டிலிருந்து வந்த ரொக்கம் 16 லட்சம் பவுண்டு என்று வைப்போம். வட்டியும் வரியும் போன பிறகுள்ள தொகை. குத்தகைத் தவணை 3 லட்சம். பராமரிப்புக்கு நிறுவனம் செலவிட்டது சராசரியாக 5 லட்சம், ஆனால் தேய்மானத்தையும் பொறியாளர் மதிப்பீட்டையும் பார்த்தால் 8 லட்சம் ஆகியிருக்க வேண்டும். 8 என்றே கழியுங்கள். மிச்சம் 5 லட்சம்.

பங்குகளின் மொத்தச் சந்தை மதிப்பு 1 கோடி என்றால் உங்கள் பணத்துக்கு 5 சதவீதம் கிடைக்கிறது. அதே காலத்தில் அரசுக் கடன் பத்திரம் 4 சதவீதத்துக்கு மேல் தருகிறது என்றால், தீயும் புயலும் விலகலும் எல்லாம் சேர்ந்த ஆபத்துக்கு ஒரு சதவீதம்கூடக் கூலி இல்லை. நான் வாங்க மாட்டேன். சந்தை மதிப்பு 40 லட்சத்துக்கு இறங்கி, கடன் கட்டுக்குள் இருந்து, பெரும் பங்குதாரர் ஈவுத்தொகை கொடுக்கிறவராக இருந்தால் யோசிப்பேன். அப்போதும் மொத்தச் சேமிப்பில் நூற்றுக்கு இரண்டுக்கு மேல் போட மாட்டேன். முழுவதும் போனாலும் தூக்கம் கெடாத அளவு அதுதான் எனக்கு, உங்களுக்கு வேறாக இருக்கலாம்.

வாங்கினால், எந்தச் செய்தி வந்தால் விற்பேன் என்று அதே தாளின் பின்பக்கம் எழுதுங்கள். நான் எழுதுவது மூன்று: சொத்துச் செலவு தொடர்ந்து இரண்டு ஆண்டு தேய்மானத்தில் பாதிக்குக் கீழே போவது, வங்கியிடம் நிபந்தனையைத் தளர்த்தக் கேட்டதாக அறிவிப்பு வருவது, முதல் பங்குதாரரின் பங்கு 75 சதவீதத்தை நெருங்குவது. தாளை அடுத்த அரையாண்டு முடிவு வரும் தேதியோடு சேர்த்து எங்காவது கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். வெயில் அடிக்கும் வாரம் வந்தால் அந்தத் தாளைத் தவிர வேறு எதையும் பார்க்காதீர்கள்.